திருப்பித் தட்டிய தெரு

தட்டு அதிர்கிறது, கரண்டியின் கழுத்து வளைந்துபோய்விட்டது, இன்னும் அடிக்கிறாள் மனோன்மணி, ணங் ணங்கென்று, வாசலை அடைத்து ஆணியடித்த தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் தெருவே அவளுக்குத் திருப்பி அடிக்கிறது, என்ன உற்சாகம், என்ன கும்மாளம், அடப்பாவிகளா, அதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன, இப்போது அவள் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், தலைக்கு மேலே பேனரில் ‘கொரோனா கற்றுத்தந்த பாடங்கள், மூத்தோருக்கு மரியாதை’ என்று கொட்டை எழுத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு குடியிருப்போர் சங்கச் செயலாளர் தயாளன், அவன் பேச்சு எங்கே கேட்கிறது, காதுக்குள் அந்தத் தட்டுச் சத்தம்தான்.

புருஷன் ஏகாம்பரத்துக்கு வெறும் காய்ச்சல், பரிசோதனையில் கொரோனா இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், பொழுது சாய்வதற்குள் தகரமும் சுத்தியலுமாக ஆட்கள் வந்து நிற்கிறார்கள், கூடவே தயாளன், முகக்கவசம் தாடையில் தொங்க, எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்மா, வயசானவங்க பாருங்க, ஒரு போன் போடுங்க, ஓடியாந்துட மாட்டேன்? ஏகாம்பரம் கட்டிலிலிருந்தே சிரிக்கிறார், காலம்பூரா பட்டறையில பஸ்ஸுக்குத் தகரம் அடிச்சேன் மணி, இப்ப எனக்கே அடிக்கிறானுங்க பாரு, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு சாயங்காலம் வந்துவிடுகிறது, அவருக்கு மூச்சு இழுக்கிறது, ஆம்புலன்ஸுக்குச் சொன்னால் வருகிறோம் வருகிறோம் என்கிறார்கள், தயாளனுக்குப் போட்டால் முதலில் போனே லொக்கு லொக்கென்று இருமுகிறது, முதியவர்களைப் பாதுகாப்போம் என்று ஒரு பெண்குரல் பாடம் நடத்துகிறது, பிறகு மணி அடித்து அடித்து ஓய்கிறது, அவன் எப்படி எடுப்பான், அவன் மருமகன் குணமாகி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கும் நேரம் அது, வரவேற்கத் தெருவே தட்டும் கரண்டியுமாக மாடியில் நிற்கிறது.

அவர் கஞ்சி குடித்த தட்டைத்தான் எடுத்தாள், தகரத்தைப் பிரிங்கடா, யாராச்சும் வாங்கடா என்று கத்திக்கொண்டே அடித்தாள், எதிர்வீட்டுப் பிரேமா மாடியிலிருந்து எட்டிப்பார்த்தாள், ஐயோ பாருங்கப்பா, மனோன்மணியம்மாகூட தட்டுறாங்க, சூப்பர்ம்மா, நல்லா தட்டுங்க, அவ்வளவுதான், தெரு இன்னும் வேகமாக அடிக்கத் தொடங்கியது, அவள் அடிக்க அவர்கள் அடிக்க, திரும்பிப் பார்த்தபோது ஏகாம்பரத்தின் மார்பு ஏறவுமில்லை இறங்கவுமில்லை, கண் மட்டும் வாசல் பக்கமே இருந்தது.

சொல்லாமலா இருந்தாள், பிரேமாவிடம் சொல்லி அழுதாள், பாவம், அதிர்ச்சில ஏதோ பேசுறாங்க என்று கையில் காபியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள், இன்றைக்குப் பார், தயாளனுக்குத் தொண்டை தழுதழுக்கிறது, நம்ம அம்மா, ஊட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தும், ஐயா அவ்ளோ முடியாம இருந்தும், நம்ம சந்தோஷத்துல பங்கெடுத்துத் தட்டு தட்டினாங்களே, அந்த மனசு யாருக்கு வரும், அதனாலதான் இந்த நினைவுப் பரிசு, பளபளவென்று ஓர் எவர்சில்வர் தட்டு, அதுவும் தட்டு, விளிம்பில் ‘மூத்தோரைக் காப்போம்’ என்று புள்ளி புள்ளியாய் எழுத்து வெட்டியிருக்கிறது.

ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா என்று மைக்கை நீட்டுகிறான், வாங்கிக்கொள்கிறாள், பேசவில்லை, அந்த மைக்காலேயே தட்டின் மேல் ஓங்கி ஒன்று வைக்கிறாள், ணங், பந்தலே கிடுகிடுக்கிறது, இன்னொன்று, கூட்டம் சிரிக்கிறது, கைதட்டுகிறது, சூப்பர்ம்மா, பிரேமா வாயிலிருந்து அதே வார்த்தை.

தட்டுங்க, நல்லா தட்டுங்க, அன்னிக்கும் இப்படித்தானே தட்டினீங்க, உள்ள எம் புருஷனுக்கு மூச்சு நிக்குது, தகரத்தப் பிரிங்கடான்னு நான் அடிச்சேன், நீங்க திருப்பி அடிச்சீங்க, உங்க சந்தோஷத்துல பங்கெடுக்கவாடா அடிச்சேன், என்கிறாள் மனோன்மணி, அம்மா, அது வந்து, என்று தயாளன் மைக்குக்குக் கை நீட்டுகிறான், கிட்ட வராத, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், என்றுவிட்டு மறுபடி அடிக்கிறாள், ணங், ணங், இந்தத் தடவை திருப்பித் தட்ட ஒரு கையும் எழவில்லை.