அந்துக்கு வைத்த பேர்

"பச்சைமலையில ஒரு பூச்சி, முறம் அகலம் இறக்கை. மஃரிப் தொழறப்ப வந்து என் தொப்பியில உக்காந்து, மூணு ரக்அத்தும் என்கூடத் தொழுதுச்சு" என்றார் நஸ்ருல்லா.

சுராயா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. போன வருஷம் காவிரியில் முதலைக்கு வழிவிட்டு நீந்தினேன் என்று சொன்ன மனுஷர்தானே. "ருக்கூவுல குனிஞ்சப்ப விழலையாக்கும்?"

"கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு புள்ள."

ஆனால் பூச்சி நிஜம். ஜீப் ஓட்டி ஓய்ந்தவர், பழக்க தோஷத்தில், பூச்சி ஆராயும் வைஷ்ணவியை மலைக்கு ஏற்றிப் போயிருந்தார். உலகத்தில் இன்னும் யாரும் பேர் வைக்காத இனம் என்று அவள் இப்போது உறுதி செய்துவிட்டாள். பேரைத் தொப்பிக்காரரே சொல்லட்டும் என்றாள். சுராயா என்றார், யோசிக்காமல். வீட்டம்மா சம்மதத்தைச் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மலையின் பேர்தான் என்று சுராயாவிடம் சொல்லி முடித்தார்.

"என்ன பூச்சியாம்?"

"அந்துப்பூச்சி." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சுராயா முறத்து அரிசியில் ஊர்ந்த அந்துப்பூச்சியை விரலால் நசுக்கிக் காட்டினாள். "இந்தச் சனியனுக்கா என் பேரு? தெருவே சிரிக்கும் மச்சான்."

"இது அரிசி திங்காது. பாரேன்." போனை நீட்டினார். மூடிய இறக்கை, கருகிய மரப்பட்டை போல. அவள் உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த படத்தில் பூச்சி விரிந்திருந்தது. கறுப்புக்கு அடியில், தீப்பிடித்த மாதிரி ஒரு நிறம்.

நஸ்ருல்லாவின் குரல் இறங்கிவிட்டது. "கல்யாணமான புதுசுல, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல, காத்து உன் புர்கா ஓரத்தைத் தூக்குச்சு. உள்ள ஆரஞ்சுப் புடவை. ஒரு நொடிதான். ஏன் இந்தப் பேருன்னு வைஷ்ணவி கேட்டுச்சு, இதான் சொன்னேன்."

"அல்லாவே, அந்தப் பொண்ணுகிட்டயா! அப்படி ஒண்ணுமே நடக்கல. இதுவும் உங்க முதலைதான்."

அவர் சிரிக்கவில்லை. இத்தனை வருஷப் புளுகுக்குப் பிறகு இந்த ஒன்றுக்கு மட்டும் அவளையே சாட்சி கேட்க அவருக்கு வாய் வரவில்லை. "சரி. மலைப் பேரே வைக்கச் சொல்லிடறேன்."

வைஷ்ணவியின் நம்பரைத் தேடிய விரலுக்கு அடியிலிருந்து சுராயா போனை உருவிக்கொண்டாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். திரை முழுக்க அந்த நிறம் நிறைந்து, அவள் முகத்திலும் கொஞ்சம் ஏறியது.

"ஆரஞ்சு இல்ல" என்றாள், தலை நிமிராமல். "மாம்பழக் கலரு."