தை வெள்ளி, ஒன்பது ஐம்பது

துரைக்கண்ணு வீட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து இசைவாணி கூலிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் மாதம். முறத்தை வயிற்றின் மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கொசு அடிக்கலாம், முறம் ஒரு நூல் நகராது. அப்படி ஒரு வயிறு. அது முதலில் ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் இடம் பிடித்துவிடும், கைரேகை வைக்கிற நேரத்துக்குத்தான் இசைவாணி பின்னால் வந்து சேருவாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வீட்டு மகள் விஜயலட்சுமிக்கும் அதே வாரம்தான் கணக்கு. அவள் கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே சாய்ந்திருந்தாள். வளைகாப்புக்குக் கும்பகோணத்திலிருந்து வந்த கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறியிருந்தன. அவள் திரும்பிப் படுத்தால் வீடே கலகலத்தது. அந்தச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் இசைவாணியின் முறத்திலிருந்து நாலு நல்ல அரிசியும் குப்பையோடு பறந்தது.

பத்தாம் வகுப்பு வரைக்கும் இருவரும் ஒரே பெஞ்ச். கணக்கில் இசைவாணிக்குத் தொண்ணூற்றாறு. அவள் தாளைப் பார்த்தே எழுதி விஜயலட்சுமிக்கு எழுபது. அப்போது "வாடி, போடி". விஜயலட்சுமி சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து "வாங்க, போங்க". அதுவும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும்.

அன்றைக்கு ஜோசியர் வந்திருந்தார். இசைவாணியின் கை அரிசியைப் புடைத்தது, காது மட்டும் எழுந்து கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. விஜயலட்சுமியின் குழந்தை ரெண்டே முக்கால் கிலோ, தலை திரும்பிவிட்டது, தானாகவே பிறக்கும் என்றுதான் நர்சிங் ஹோம் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் குழந்தை தானாக வரும், நேரம் தானாக வராது என்பது விஜயலட்சுமியின் அம்மா நாகம்மாளின் கட்சி. ஜோசியர் முக்கால் மணி நேரம் பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கிரகங்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்தார். வருகிற தை வெள்ளி, காலை ஒன்பது ஐம்பது. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் பிறக்கிற பிள்ளைக்கு மூன்று தலைமுறைக்கு அழியாத யோகம் என்று சொல்லிவிட்டு அவர் காபி குடித்தார்.

இசைவாணிக்கு மார்பிலிருந்து தொண்டை வரைக்கும் எரிந்தது. ஒன்பதாம் மாதத்தில் எல்லாருக்கும் எரிவதுதான் என்று ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்தாள். அடங்கவில்லை.

மறுநாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்கேன். குழந்தை நாலேகால் கிலோ. முன்னே பின்னே அரைக் கிலோ இருக்கலாம் என்றார் டாக்டர் வானதி. சின்ன வயதுக்காரி, பொறுமையாக எடுத்துச் சொன்னார். இசைவாணிக்குச் சர்க்கரை இருக்கிறது. வலி வரட்டும் என்று காத்திருந்து பார்க்கலாம், பலருக்கு நல்லபடியாகவே ஆகிவிடும். ஆனால் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டால் குழந்தைக்கு ஆபத்து. ஆபரேஷன் என்றால் அந்தப் பயம் இல்லை, ஆனால் உடம்பு தேற நாளாகும். வீட்டில் பேசிவிட்டு வந்து சொல்லச் சொன்னார்.

வீட்டில் பேச்சுக்கா பஞ்சம். புருஷன் வளவன் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். காவிரி பாய்கிற அத்தனை ஊர் நெல்லும் தன் தோள் வழியாகத்தான் லாரி ஏறுகிறது என்று நம்புகிறவன். அவன் உள்ளங்கையை அவள் வயிற்றுக்கடியில் கொடுத்து, கண்ணை மூடி, ஈரப்பதம் போக மூணரைதான் தேறும், மெஷின் பொய் சொல்கிறது என்று தீர்ப்பு சொன்னான்.

மாமியார் அம்சம் வேறு கணக்கு வைத்திருந்தாள். காலையில் அறுப்புக்குப் போய், வரப்பில் வளவனைப் பெற்று, சாயங்காலம் மீதிக் கதிரையும் கட்டிப் போட்டுவிட்டு வந்தவள் அவள். பிறந்தபோது வளவன் ஐந்து கிலோ. கல்யாணத்தின்போது இதையே நாலு கிலோ என்று சொன்னதாக இசைவாணிக்கு ஞாபகம். ஆண்டுக்குக் கால் கிலோ வீதம் அந்தக் குழந்தை இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் எல்லாம் பேசி முடித்த பிறகு அம்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கத்தி வச்சா இடுப்பு போச்சுடி. ஆனியில குறுவை நடவுக்கு உன்னை எவ கூப்புடுவா? ரெண்டு வருஷம் வீட்டுலதான் குந்தணும்."

அது விளையாட்டுப் பேச்சில்லை. போன வருஷம் ஆபரேஷன் ஆன கண்ணாத்தாளை நடவுக் கூட்டத்தில் இன்னும் யாரும் சேர்க்கவில்லை. இசைவாணி விடிகிறவரைக்கும் புரண்டாள். முக்கால் பங்கு பயம், அந்தத் தோளைப் பற்றி. மிச்சம் கால் பங்கு விஜயலட்சுமி. உண்மையைச் சொன்னால் விடியற்காலையில் பங்கு மாறிவிட்டது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஒரே மூச்சில் சொன்னாள். "ஆபரேசனே பண்ணிடுங்க டாக்டரம்மா. தை வெள்ளி, ஒம்பது அம்பதுக்கு."

வானதி பேனாவைக் கீழே வைத்தார். "யாரு குறிச்சுக் குடுத்தா?"

"பெரிய ஜோசியருங்க" என்றாள் இசைவாணி. யாருக்குக் குறித்தார் என்று டாக்டர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"நேரங்காலமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஆனா குழந்தை பெருசு, சர்க்கரை வேற. வெள்ளிக்கிழமை லிஸ்ட்டுல உன்னைத்தான் முதல்ல எடுக்கணும். ஒன்பதரைக்கு உள்ள போனா நீ சொல்ற நேரம் சரியாத்தான் வரும்."

இசைவாணி பஸ்ஸில் வரவில்லை, மிதந்து வந்தாள். ஒரே நாள், ஒரே நிமிஷம், ஒரே நட்சத்திரம். விஜயலட்சுமி பிள்ளை கலெக்டர் ஆனால் தன் பிள்ளையும் பக்கத்து ஜில்லாவுக்குக் கலெக்டர் ஆகியே தீரவேண்டும், கிரகங்களுக்கு வேறு வழியில்லை. எடையில் ஒன்றரைக் கிலோ கூடுதல் வேறு. மறுநாள் துரைக்கண்ணு வீட்டில் அவள் புடைத்த அரிசியில் மருந்துக்குக்கூட ஒரு கல் இல்லை. வளையல் சத்தம் கேட்டால் சிரித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் பச்சைத் துணி உடுத்தி, தியேட்டர் வாசலில் சக்கரக் கட்டிலில் படுத்திருந்தாள். முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம். உள்ளே வானதி கை கழுவித் தயாராக நின்றிருந்தார். மயக்க ஊசி போடுகிற டாக்டர் வரவில்லை.

ஒன்பது நாற்பது. ஒன்பது நாற்பத்தைந்து. இவ்வளவு வேகமாக ஓடுகிற கடிகாரத்தை இசைவாணி வாழ்நாளில் பார்த்ததில்லை. நர்ஸ் ஷிஃபாவின் கையைப் பிடித்து, டாக்டர் எங்கே என்று கேட்டாள்.

"தை வெள்ளி இல்லியாக்கா. டவுன்ல இருக்கற நர்சிங் ஹோம் அத்தனையும் இன்னிக்கி இந்த நேரத்தத்தான் கேக்குது. ஊருக்கே மயக்க டாக்டர் ஒருத்தருதான். அங்கேர்ந்து வரணும்."

ஒன்பது ஐம்பது வந்தது. அவளைப் பார்த்தது. போய்விட்டது.

பத்தேகாலுக்கு முதுகில் வலி கண்டது. ஷிஃபா வயிற்றில் மெஷினை வைத்துக் கேட்டாள். குழந்தையின் இதயம் குதிரை ஓடுகிற மாதிரி கேட்டது. ஓடட்டும், நல்லதுதான் என்று சொல்லிவிட்டு அவள் அங்கேயே நின்றுகொண்டாள். பத்தரை ஆனது. உள்ளே வானதி போனில் பேசுவது வெளியே கேட்டது. "சார், நாலேகால் கிலோ சார். வலி வந்துடுச்சு. இன்னும் எவ்வளவு நேரம் சார்?"

வராந்தா முனையில் வளவன் நின்றான். ஒரு நாளைக்கு முந்நூறு மூட்டை தூக்குகிறவன், இங்கே எதைத் தூக்குவது என்று தெரியாமல் இரண்டு கையையும் தொங்கவிட்டிருந்தான்.

பதினொன்று ஐந்துக்கு மயக்க டாக்டர் ஏறக்குறைய ஓடிவந்தார். வயதானவர், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விடிந்ததிலிருந்து இது நாலாவது இடம் என்று சொல்லிக்கொண்டே ஒரு லட்டு டப்பாவை நர்ஸ் மேஜைமேல் வைத்தார்.

"துரைக்கண்ணு வீட்டுப் பேரன். ஒன்பது அம்பது, ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்ல. எல்லாரும் எடுத்துக்குங்க."

கட்டில் உள்ளே உருண்டது. கதவு மூடுகிற இடுக்கில் வளவன் தெரிந்தான். யாரோ அவனுக்கும் ஒரு லட்டு கொடுத்திருந்தார்கள். அதை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக்கொண்டு டாக்டரின் முதுகைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஆபரேஷன் மேஜை விளிம்பில் அவளை உட்கார வைத்தார்கள். முதுகெலும்பில் ஊசி போட உடம்பை இறால் போல வளைக்க வேண்டும். வயிறு இடித்தது. ஷிஃபா பிடரியில் கைவைத்து அழுத்தினாள்.

"இன்னும் நல்லாக் குனிம்மா" என்றார் பின்னால் இருந்த டாக்டர்.

வயிறு விட்ட அளவுக்கு இசைவாணி குனிந்தாள்.