பச்சைப் புடவை போர்டு

கம்பெனி பஸ் ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போது முனியம்மாள் எப்போதும்போல இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாலத்தின் உச்சிக்கு வந்ததும் அந்த மூன்று மாடி ஜவுளிக்கடையின் மொட்டைமாடியில் பச்சைப் பட்டுப்புடவை கட்டிய பெண் தெரிவாள். ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டுத் திரும்பியவள்போலச் சிரிப்பாள். அன்று அவள் இல்லை. இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. சட்டத்தின் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு செல்போன் டவர் தெரிந்தது. அங்கே ஒரு டவர் இருப்பதே முனியம்மாளுக்கு அதுவரை தெரியாது. எழுந்து நின்று திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் பாலத்தை விட்டு இறங்கிவிட்டது. பின்னால் வந்த கண்டெய்னர் லாரி மிச்சத்தையும் மறைத்தது.

அந்தப் பக்கத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த போர்டுதான் அடையாளம். ஷேர் ஆட்டோக்காரர்கள் “பச்சப்புடவ, பச்சப்புடவ” என்று கூவித்தான் ஆள் ஏற்றுவார்கள். ரூம் தேடி வரும் வெளியூர்ப் பையன்களிடம் புரோக்கர்கள், பச்சைப்புடவை போர்டுக்கு எதிர்ச்சந்தில் வா என்பார்கள். அதில் இருப்பது காவேரி, பாண்டுரங்கன் முனியம்மாள் தம்பதியின் ஒரே மகள் என்பது பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கிராமத்துக்கு மட்டும் தெரியும். காவேரி அந்தக் கடையில் புடவை செக்‌ஷனில் நின்றவள். முதலாளி மணிகண்டபிரபு ஒரு தீபாவளிக்கு மாடல் யாரையும் தேடாமல் அவளையே நிற்கவைத்துப் படம் எடுத்தார். போர்டு ஏறிய அன்று காவேரி அம்மாவைப் பாலத்தின் மேல் நிறுத்திக் காட்டிவிட்டு, வெட்கத்தில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் கடையிலிருந்து ஸ்கூட்டியில் திரும்பும்போது சர்வீஸ் ரோட்டில் ஒரு டிரெய்லர் அவளை இடித்தது.

காரியம் முடிந்த பிறகு முதலாளி வீட்டுக்கு வந்து, போர்டை இறக்கிவிடட்டுமா என்று கேட்டார். பாண்டுரங்கன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனியம்மாள்தான் வேண்டாம், இருக்கட்டும் என்றாள். வெயிலில் வெளுத்தபோது முதலாளி அதே படத்தைப் புதிதாகப் போட்டு மாட்டவும் செய்தார். அதன் பிறகுதான் முனியம்மாள் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைக்காமல் இல்லை. ஆனால் இந்த பஸ்தான் அந்தப் பாலத்தின் மேல் போனது.

அன்று கேன்டீனுக்குப் போகும் நடைபாதையைத் துடைத்து முடித்தவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். கூட வேலை செய்யும் செல்லக்கனி பார்த்துக்கொண்டே வந்தாள். சாத்தான்குளத்துப் பக்கத்துப் பெண், வந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது.

“என்னக்கா, மேலுக்குச் சொகமில்லையா? ஒரு மாதிரி இருக்கிய.”

“ஒண்ணுமில்ல கண்ணு.”

“எனக்கும் இன்னைக்கு மனசே சரியில்லக்கா. அந்தப் பச்சச்சேல அக்காவ எடுத்துட்டாவ பாத்தியளா? நான் மொத மொதல்ல வந்து எறங்குனப்ப ஒரே அழுகை. எங்க அம்மைக்கு போன் போட்டு, இங்கன ஒரு அக்கா சிரிச்சிக்கிட்டு நிக்கிறாவ, பயமா இல்லன்னு சொன்னேன். இப்பம் அவிய கல்யாணம் முடிச்சு எங்க இருக்காவளோ.”

முனியம்மாள் மாப்பைப் பிடித்தபடி நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் இந்தப் பெண்ணின் முகம் மாறும். எல்லோரும் பார்க்கிற மாதிரி இவளும் பார்ப்பாள்.

“நல்லா இருப்பா” என்றாள்.

ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கிக் கடைக்குப் போனாள். மணிகண்டபிரபு கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மொதலாளி.”

அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். “உங்க வூட்டுக்காரர்தானேம்மா வந்து எடுக்கச் சொன்னாரு? ரெண்டு மூணு வாட்டி வந்தாரு. நேத்து இங்கியே குந்திக்கினு அழுதுட்டாரு. ரெண்டு பேரும் பேசித்தான் வந்தீங்கன்னு நெனச்சேன். பிளெக்ஸ் ஷீட்டைக்கூட அவர்தான் குட்டியானை வண்டில ஏத்திக்கினு போனாரு. நான் கொண்டாந்து போடறேன்னு சொன்னேன், கேக்கல.”

அவள் கடையை விட்டு வெளியே வந்தாள். அவளால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. பாண்டுரங்கன் செக்யூரிட்டி சட்டையைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஒரகடத்தில் ஒரு குடோனில் அவருக்கு வேலை. அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

“எங்கய்யா கீது?”

“பின்னால.”

“என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?”

“கேட்டா ஒத்துக்குவியா?”

“ஒத்துக்கமாட்டேன்னு தெரிஞ்சுதானே திருட்டுத்தனமா பண்ணிருக்க?”

 அவர் வழக்கமாகப் பேசுவதைவிடத் தணிந்த குரலில் சொன்னார். “நீ பஸ்ஸுல போற. ஒரு நிமிசம் பாக்கற, பூடற. நான் அதுக்குக் கீழதான் டீ குடிக்கணும், அதுக்குக் கீழதான் பஸ் ஏறணும். போன வாரம் நாலு பசங்க நின்னுக்கினு போட்டோ புடிக்கறானுங்க. இன்னா சிரிப்புடா மச்சான்றான் ஒருத்தன். இன்னொருத்தன் வேற இன்னாமோ சொன்னான். அத்த உங்கிட்ட சொல்ல முடியாது. நான் இன்னா செய்ய? அவன அடிக்கறதா? எம்பொண்ணு செத்துட்டாடான்னு சொல்றதா? டீய கீழ ஊத்திட்டு வந்துட்டேன். அவன் வயசும் அவ வயசுதான்.”

முனியம்மாளுக்கு அவர் இதை எத்தனை நாளாகத் தனியாகச் சுமந்திருப்பார் என்று தோன்றியது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. உள்ளே சுவரைக் கையால் காட்டினாள்.

“தோ, இதுல மாலை போட்டு வெச்சிருக்க, பொட்டு வெச்சிருக்க. இது செத்தவ போட்டோ. அங்க அவளுக்கு மாலை இல்லய்யா. அங்க போறவன் வர்றவன் யாருக்கும் அவ செத்தது தெரியாது. இன்னைக்குக்கூட ஒரு பொண்ணு, அந்த அக்கா கல்யாணம் ஆயி எங்க கீறாங்களோன்னு கேட்டுது. அந்த ஒரு எடத்துலதான்யா அவ இருந்தா.”

 

அவள் பின்பக்கம் போனாள். பாண்டுரங்கனும் பின்னாலேயே வந்தார். சுவரோரம் ஷீட்டை நீளமாகச் சுருட்டிக் கயிற்றால் கட்டிவைத்திருந்தார். மடித்தால் முகத்தில் கோடு விழும் என்று மடிக்காமலேயே சுருட்டியிருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. இரண்டு பேருமாகத்தான் அதைத் தூக்க முடிந்தது. பின்னாலிருந்த மனைப்பிரிவில் கல் நட்டிருந்தார்களே தவிர யாரும் வீடு கட்டத் தொடங்கவில்லை. அங்கே கொண்டுபோய்ப் போட்டுக் கயிற்றை அவிழ்த்தார்கள். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவள் குனிந்து உருட்டிக்கொண்டே போனாள். அது விரிந்துகொண்டே போனது. இரண்டு மனைகள் தாண்டியும் முடியவில்லை. பச்சை, பச்சை, பிறகு சரிகை, பிறகு வளையல்.

முகம் வந்தபோது அது முகமாக இல்லை. சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக வெறும் புள்ளிகள். கண் எது என்று கண்டுபிடிக்கவே அவள் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசிக் கல்வரை போய்ப் பார்த்தாள். அங்கிருந்து தரையோடு தரையாக ஒரு பச்சைப் பட்டைதான் தெரிந்தது.

“மேலேர்ந்து பாத்தாத்தான் தெரியும்” என்றார் பாண்டுரங்கன்.

அப்போது காற்று எழுந்தது. ஒரு ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டு மேலே கிளம்பியது. அவர் செங்கல் தேடி ஓடினார். முனியம்மாள் செருப்பை உதறிவிட்டு ஷீட்டின் மேல் ஓடி, எழும்புகிற இடத்தில் குப்புறப் படுத்துக் கைகளை அகல விரித்துக்கொண்டாள். வெயிலில் சூடேறிய ரெக்சின் வாசனையும் ரோட்டுப் புழுதியும் மூக்கில் ஏறின. அவளுடைய கன்னத்துக்குக் கீழே இருந்தது உதடா, கழுத்தா, தெரியவில்லை. ஷீட் அவளுக்கு அடியில் உப்பி மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது.

இரண்டு கைகளிலும் செங்கல்லோடு பாண்டுரங்கன் ஓரத்தில் வந்து நின்றார். ஷீட்டின் நடுவே போய் வைத்தால்தான் அது அடங்கும். அவர் காலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.