சாக்லேட் உருண்டையின் ஏழாவது வரி

1

உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆரம்பிக்கவில்லை. ஒரு பத்திரிகையின் மாதர் பகுதியிலிருந்து போன மாதம் கடிதம் வந்தது. அடுப்பு மூட்டாமல் வீட்டிலேயே செய்யும்படியாக ஒரு சாக்லேட் பலகாரம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். சீனி கூடாது என்பதற்கு அடிக்கோடு வேறு. எனக்குத் தெரிந்த பலகாரம்தான். உட்கார்ந்து மளமளவென்று ஆறு வரி எழுதினேன்.

விருப்பாச்சி மலைவாழைப்பழம் பத்தை உரித்துத் தண்ணீர் படாமல் கையால் பிசையவும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கவும். நாட்டுச் சர்க்கரையைச் சலித்துப் போடவும். மலைத்தேன், நெய், ஏலப்பொடி சேர்க்கவும். கொக்கோத் தூளையும் பொட்டுக்கடலை மாவையும் தூவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையவும். உருட்டிக் குளிர்ந்த இடத்தில் இரண்டு மணி நேரம் வைக்கவும்.

ஏழாவது வரி எல்லாக் குறிப்பிலும் வருகிற வரிதான். ‘ருசி பார்த்து, இனிப்புப் போதாவிட்டால்…’

அங்கே பேனா நின்றுவிட்டது. ஒரு வாரமாக நிற்கிறது. குறிப்பை அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது எனக்கு. ஆனால் ‘நான்’ என்று எழுதிப் பார்த்தபோது நான்காவது வாக்கியத்திலேயே என் பக்கத்து நியாயம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. அதனால் அவளை ‘அவள்’ என்றே சொல்லப்போகிறேன். பெயர் சுந்தராம்பாள் என்று இருக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: ‘1964, மே மாதம். கொடைக்கானல் ஏரியை மூடியிருந்த பனி மெல்ல விலக…’

அடித்துவிட்டேன். பனியைக் கொண்டுவந்தால் அவள் அதற்குள் போய் ஒளிந்துகொள்வாள்.

இரண்டாவது: ‘பழனியில் பஞ்சாமிர்தம் பிசைகிற குடும்பத்தில் பிறந்த சுந்தராம்பாள் பக்தி மிகுந்தவள்.’

இதுவும் வேண்டாம். பக்தியை வாசலில் நிறுத்திவிட்டால், பின்னால் வருவதையெல்லாம் நீங்கள் பார்த்தும் பாராததுபோல் விட்டுவிடுவீர்கள்.

மூன்றாவது: ‘சுந்தராம்பாள் தன் வீட்டுச் சீயக்காய்த் தூளை ஒரு பழைய கொக்கோ டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.’

இது இருக்கட்டும்.

3

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கணவர் வேலுச்சாமி, ஏரிக்கு மேலே மேட்டில் இருந்த ஒரு சீசன் விடுதியில் சமையல்காரர். விடுதி தமயந்தியம்மாளுடையது. மதுரைக்காரரான அவர், ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து கட்டில், கண்ணாடி, கேக் சுடுகிற இரும்பு அடுப்பு என்று எல்லாவற்றோடும் மொத்தமாக வாங்கிய வீடு அது. பின்கட்டில் ஓர் அறையில் சுந்தராம்பாள் குடித்தனம்.

பாத்திரம் கழுவ, வீடு துடைக்க, தண்ணீர் சுமக்க என்று கருப்பம்மாள் இருந்தாள். கிளாவரை என்கிற மலைக்கிராமத்துக்காரி. ஆறு வருஷத்தில் அவள் கையில் ஒரு பீங்கான் கோப்பை உடைந்தது கிடையாது. “வேணும்னா எண்ணிப் பாருங்கக்கா, இருவத்துநாலும் இருக்கும்” என்று சுந்தராம்பாளிடம் வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தது.

அந்த ஊர் ஈரத்தில் எந்தத் தூளும் கட்டிபட்டுவிடும். அதனால் உப்பு, மல்லித்தூள், காப்பித்தூள் எல்லாம் குசினி அடுப்புக்கு மேலே சூடு படுகிற மரப்பலகையில் இருக்கும். சுந்தராம்பாள் தன் சீயக்காயையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்தாள். தீர்ந்துபோன கொக்கோ டப்பா ஒன்றை, மூடி இறுக்கமாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். கொக்கோ பலகையின் இடது ஓரம். சீயக்காய் வலது ஓரம். இரண்டு டப்பாவிலும் ஒரே படம்.

(குசினியில் சீயக்காய் எதற்கு என்று வேலுச்சாமி ஒருநாள் கேட்டார். அவள் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். இதை முதலில் எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது சேர்த்துவிட்டேன்.)

அந்த மே மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியிருந்தது. அவர்கள் பெண்ணுக்குப் பிறந்தநாள். சாக்லேட் கேக் என்று சொல்லி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் டீ பார்ட்டிக்குக் கூப்பிட்டாயிற்று. அன்று காலை பார்த்து இரும்பு அடுப்பின் அடித்தகடு விரிசல் விட்டுவிட்டது. சீனியும் கடையில் கிடைக்காத வருஷம்.

“என்ன வேலு, கேக் இல்லைன்னா நான் மூஞ்சியக் கொண்டுபோய் எங்க வச்சுக்கிறது?” என்றார் தமயந்தியம்மாள்.

வேலுச்சாமி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கதவோரத்திலிருந்து சுந்தராம்பாள்தான் வாய் திறந்தாள். “நெருப்பே இல்லாம நான் பண்ணித் தாரேங்கம்மா. சீனியும் வேணாம். எங்க அப்பா வீட்ல பஞ்சாமிர்தம் அப்படித்தாங்க பண்ணுவோம். கொக்கோ மட்டும் சேத்துக்கிட்டாச் சரி.”

“பண்ணிருவியா சுந்தராம்பா?”

எட்டு வருஷமாக ‘வேலு பெண்டாட்டி’ என்றே அழைத்தவர் அன்றுதான் பெயரைச் சொன்னார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஒரு அழைப்பை இழக்க அவள் தயாராக இல்லை என்பதைத் தயவுசெய்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் அவளுக்குப் போகக்கூடியது இதைத் தவிர வேறொன்றும் இல்லை. வேலை போய்விடும், அறை போய்விடும் என்றெல்லாம் பின்னால் அவளே கட்டிக்கொண்டதுதான்.

4

பழனியில் அவள் பிறந்த வீட்டில் பஞ்சாமிர்தம் பிசையும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்வார்கள். சாமிக்குப் போவதை நாக்கில் வைப்பது பற்றிப் பேச்சே இல்லை. அதன் வாசனைகூட முதலில் நம் மூக்கில் ஏறக் கூடாது. அன்று கிருத்திகை. முதல் உருண்டை முருகனுக்கு என்று அவள் தீர்மானம் செய்துவிட்டாள். தீர்மானம் செய்தபின் அது டீ பார்ட்டிப் பலகாரம் இல்லை, நைவேத்தியம். முந்தானையை மூக்குக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டு பழத்தைப் பிசைய ஆரம்பித்தாள்.

“ஏய், ஒரு துளி வாயில போட்டுப் பாத்துக்க. மெட்ராஸ்காரவுங்க நாக்கு வேற மாதிரி” என்றார் வேலுச்சாமி.

“சாமிக்கு வைக்காததையா? வெரசாப் போய் உங்க சோலியப் பாருங்க.”

கருப்பம்மாள் அன்று காலைதான் பலகையைத் துடைத்து, டப்பாக்களைத் திரும்ப அடுக்கியிருந்தாள். சுந்தராம்பாளின் கண் பலகையில் இல்லை. தன் பெயரைத் தமயந்தியம்மாள் சொன்ன விதத்தையே மனசு திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. கை வலது ஓரத்துக்குப் போயிற்று.

(இங்கே ‘விதி’ என்று ஒரு சொல் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கை என்னுடையது.)

கொக்கோத் தூளை அவள் அதற்குமுன் கிட்டப் பார்த்தது கிடையாது. நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் பட்டால் எல்லாமே பழுப்பு. நாற்பது உருண்டை. வடக்கு ஜன்னல் கட்டையில் குளிர்காற்றில் வைத்ததும் நன்றாகக் கெட்டிப்பட்டன. சாயங்காலம் ஓர் உருண்டையை முருகன் படத்தின் முன் வைத்துச் சூடம் காட்டினாள். இனி ருசி பார்க்கத் தடையில்லை. ஆனால் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்புவதற்குள், “நேரமாச்சு” என்று வேலுச்சாமி தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

முருகனுக்குச் சீயக்காய் படைத்தவள். சிரிக்க வேண்டுமென்றால் இங்கே சிரித்துவிடுங்கள். இதற்கப்புறம் இடமில்லை.

5

பிறந்தநாள் பெண்தான் முதலில் கடித்தது. கடித்த வாய் கடித்தபடி நின்றது. பிறகு துப்பியது. மற்றப் பிள்ளைகளும் துப்பினார்கள். மரியாதைக்காக விழுங்கிய ஒரு பொடியன் புல்தரையிலேயே வாந்தி எடுத்தான். உதட்டோரம் நுரை கண்டு ஒரு தாய் கூச்சல் போட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

வேலுச்சாமி குசினிக்கு ஓடிவந்து ஒன்றை வாயில் போட்டார்.

“அடியே, இது சீயக்காய்டி!”

அவள் பலகையைப் பார்த்தாள். இடது ஓரத்தில் கொக்கோ டப்பா மூடியது மூடியபடி இருந்தது. வலது ஓரம் காலி. கருப்பம்மாள் துடைத்துவிட்டு, இருந்தது இருந்தபடியே வைத்திருக்கிறாள். ஒரு விரற்கடை மாறவில்லை. சுந்தராம்பாளுக்கு அந்த நொடியே எல்லாம் தெரிந்துபோயிற்று. இடது ஓரத்து டப்பாவை எடுத்து வலது ஓரத்தில் தள்ளிவைத்தாள். இப்போது காலியாக இருந்தது கொக்கோவின் இடம். ஏன் தள்ளினாள் என்று கேட்காதீர்கள். கை தானாகப் போயிற்று என்று எழுத வருகிறது, எழுத மாட்டேன்.

தமயந்தியம்மாள் வந்து நின்றார். “கொக்கோ இருந்த எடத்துக்குச் சீயக்காய் எப்படி வந்துச்சு?”

6

அவள் பதில் சொல்லும் முன் கருப்பம்மாளைப் பற்றி ஒரு சந்தேகம். கதைக்கு இவள் ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். எழுதத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு குறை வைப்பார்கள். நானும் வைத்துப் பார்த்தேன். ‘கருப்பம்மாளுக்குக் கொஞ்சம் மறதி உண்டு.’ ‘பேச்சுக் கொடுத்தால் கைவேலையை விட்டுவிடுவாள்.’ ‘அன்று காலை அவள் பலகையை அவசர அவசரமாகத் துடை

நிறுத்தினேன். நாலு வருஷம் கழித்து, கேள்வி கேட்க ஒருவரும் இல்லாத அறையில், காகிதத்தில், மறுபடியும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அவளுக்குக் குறை எதுவும் நான் வைக்கப்போவதில்லை. கதை கெட்டால் கெடட்டும்.

7

“கருப்பம்மாதான் காலையில பலகை தொடச்சாங்கம்மா.”

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வாசலில் ஈரக்கையோடு நின்ற கருப்பம்மாள் பலகையைப் பார்த்தாள். “ஆமாங்கம்மா, நாந்தான் தொடச்சேன். எடம் மாத்தி வச்சுட்டேனோ என்னமோ… ரெண்டும் ஒண்ணு போலத்தான கெடக்கு.”

“பிள்ளைங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா? நாளைக்கு வெள்ளனே கெளம்பிரு.”

வேலுச்சாமி பெண்டாட்டியைப் பார்த்தார். அவருக்குத் தெரியுமா என்று நான் எழுதப்போவதில்லை. அது அவர் கதை.

கருப்பம்மாள் பார்ட்டிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள். அப்புறம் ஊரில் எந்தச் சீசன் வீட்டிலும் அவளைச் சேர்க்கவில்லை. ‘பிள்ளைகளுக்குச் சீயக்காய் குடுத்தவ’ என்று பெயராகிவிட்டது. கிளாவரைக்கே போய் அண்ணன் காட்டில் பூண்டு பிடுங்கினாள். சுந்தராம்பாளைத் தமயந்தியம்மாள் பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

8

முடிவுகள்.

அ) சுந்தராம்பாள் அப்போதே, “என் டப்பாம்மா, எடுத்ததும் நாந்தான்” என்கிறாள். இதை ஏழெட்டுத் தடவை எழுதிவிட்டேன். எழுதும்போது தொண்டை தெளிவாக இருக்கிறது. நடக்காததை எழுதுவதில் என்ன கஷ்டம்?

ஆ) பஸ் ஏறிப் பூம்பாறையில் இறங்கி, கிளாவரை வரை நடந்து போய்க் கருப்பம்மாளின் காலில் விழுகிறாள். அவள் தூக்கி நிறுத்துகிறாள். இருவரும் அழுகிறார்கள். நன்றாக வந்திருந்தது. படித்துவிட்டு நானே அழுதேன். மனசு லேசாயிற்று. லேசானதும் பயந்து கிழித்துப்போட்டேன்.

இ) நடந்தது. போன வருஷம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பூண்டு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒருத்தி எழுந்து, “அக்கா!” என்றாள். இளைத்திருந்தாள்.

“நல்லாருக்கீங்களாக்கா? அண்ணன் சொகமா?”

“இருக்கோம் கருப்பம்மா.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கு உங்க கைப்பக்குவத்தையே கெடுத்துப்புட்டேன்க்கா. எம்புட்டு ஆசையாப் பண்ணீங்க. டப்பாவ மாத்தி வச்சது என் புத்திகெட்ட வேலைதான். மூணு வருசமா அது மனசுக்குள்ளயே கெடக்கு. உங்களப் பாத்தா ஒரு வார்த்தை கேட்டுறணும்னு இருந்தேன். மன்னிச்சுக்கிறணும்க்கா.”

சுந்தராம்பாள் சொன்னாள்:

“போகுது விடு கருப்பம்மா. நீ என்ன தெரிஞ்சா செஞ்ச?”

கருப்பம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு கை நிறையப் பூண்டு அள்ளிப் பையில் போட்டாள். வேண்டாம் என்று சுந்தராம்பாள் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குழம்பு வைத்து, சாப்

9

இதற்கு மேல் ஒரு முடிவு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் எல்லாப் பெயரையும் மாற்றியிருக்கிறேன், கருப்பம்மாள் பெயரைத் தவிர. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் கிளாவரைப் பக்கம் போகிறவரானால், பூண்டுக் காட்டில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். இதை முதலிலிருந்து படித்துக் காட்டுங்கள். எதையும் விட்டுவிட வேண்டாம்.

கேட்டு முடித்ததும், “அதுக்கென்னங்க, போகட்டும்” என்பாள். அவள் சுபாவம் அது. அதையே முடிவாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அப்புறம் வேறு ஏதாவது சொல்வாள். அது எப்படிப்பட்ட வார்த்தையாக இருந்தாலும் சரி, ஓர் எழுத்துக் குறைக்காமல் இந்த வரிக்குக் கீழே எழுதிவிடுங்கள்.