சனிக்கிழமை காலை வந்த புகை

1

இந்தக் கதை என் சரக்கல்ல. பழைய கணினிகளைத் தேடிச் சேர்த்து, பழுதுபார்த்து, ஓட வைக்கும் குழு ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை கூடுவார்கள். அவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனேன். அங்கே ஒரு லிஃப்ட் மெக்கானிக் என்னை ஓரமாக அழைத்துப்போய்த் தனக்கு நடந்ததைச் சொன்னார். கட்டுரை அன்றே படுத்துவிட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இயந்திரங்களுக்கும் நினைவு உண்டு, அவை நம்மை…' வேண்டாம். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால், "ஆமா, அறுபத்துநாலு கேபி மெமரி" என்பார்.

2

நடந்தது ஒரு சனிக்கிழமை காலை. மறுநாள் குழுவின் கண்காட்சி. அதில் வைக்க மெக்கானிக் ஒரு கணினியை இரவல் வாங்கியிருந்தார். கொடுத்தவர் குழுவை நடத்தும் நூலகர் அம்மா. கணினிக்கு நாற்பது வயது. யாரையும் அதைத் தொட விடாதவர், "உங்கள நம்பித்தான் தர்றேன், தம்பி" என்று கொடுத்திருந்தார். குழுவில் ஒரே ஒரு விதி. அதைப் போட்டவரும் அவரே. திறந்து பார்க்காமல் கரண்ட் கொடுக்கக் கூடாது.

(இந்த இடத்தில் அவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். பிறகு நேரில் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

சாப்பாட்டு மேசையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்குக்குக் கை துறுதுறுத்தது. ஒரே நிமிடம்தானே என்று பிளக்கைச் செருகினார். திரையில் எழுத்து வந்தது. வாயெல்லாம் பல்லாக நின்றார். சற்று நேரத்தில் 'பட்' என்றது. பின்பக்கமிருந்து பழுப்புப் புகை. மீன் கருகியதுபோல் நாற்றம். பிளக்கைப் பிடுங்கினார்.

அடுத்த அறையிலிருந்து மனைவி, "என்னங்க பொசுங்குது?"

"என் மானம்."

மனைவி வந்து பார்த்தார். "முதல்ல இதக் குடுத்தவங்களுக்குப் போன் போடுங்க."

"திறந்து பாத்துட்டுச் சொல்றேன்."

"அதத்தானே முதல்லயே செஞ்சிருக்கணும்?"

3

என் முதல் வரைவில் கணினி செத்துப்போனது. கனமான முடிவென்று நினைத்தேன். நடந்தது வேறு. பவர் சப்ளையைத் திறந்தால், வெடித்திருந்தது கபாசிட்டர் என்கிற விரல் நுனியளவு மின்பாகம் ஒன்றுதான். வயதானால் அந்த ரகம் வெடிக்கும், மற்றவற்றுக்குச் சேதமில்லை. மெக்கானிக் நாற்காலியில் சரிந்தார். போன உயிர் திரும்பி வந்தது.

பிறகுதான் கவனித்தார். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு கபாசிட்டர், ஆனால் பிற்பாடு மாற்றியது. ஈயத்தை அள்ளி அப்பிக் கோணலாக ஒட்டியிருந்தது. அதைச் சுற்றிப் பழைய கரி.

இவரும் புதிதாக ஒன்றை மாட்டி, மூடி, வாயையும் மூடிக்கொண்டிருக்கலாம். (நானாயிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.) மனைவி இன்னும் அங்கேயே நின்றார். மெக்கானிக் போனை எடுத்தார்.

4

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். திறக்காமலே கரண்ட் குடுத்துட்டேன். புகை வந்துடுச்சு."

மறுமுனையில் நூலகர் அம்மா: "வெடிச்சது இடதா, வலதா?"

"இடது."

"அப்ப வலது என்னுது."

மெக்கானிக் அந்தக் கோணல் கபாசிட்டரைத் திரும்பப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமாச்சு, தம்பி. விதி போட்டவளே மீறிட்டு, அத யார்கிட்டப் போய்ச் சொல்றது? அதான் ஒருத்தரையும் தொட விடல. நீங்க திறந்து பாத்துட்டுக் கேப்பீங்க, சொல்லித் தொலைச்சிடலாம்னுதான் குடுத்தேன். நீங்க என்னடான்னா திறக்கவே இல்ல!"

மெக்கானிக் சிரித்தார். அந்தப் பக்கமும் சிரிப்பு, இருமல் வரும்வரை.

5

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில், புதுக் கபாசிட்டரோடு அந்தக் கணினி நாள் முழுக்க ஓடியது.

முடிவுக்கு இரண்டு யோசனை வைத்திருந்தேன். கூட்டத்தின் நடுவில் நூலகர் அம்மா எழுந்து நின்று… இல்லை. இருவரும் அந்த ரகசியத்தைக் கடைசிவரை… அதுவும் இல்லை. மெக்கானிக்கிடமே கேட்டேன்: "மத்தவங்களுக்குச் சொன்னீங்களா?"

"எங்க ரெண்டு பேருக்கும் வாய் வரல. அக்காகிட்டக் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. நீங்க எழுதிடுங்க."

எழுதிவிட்டேன். நீங்கள் அந்தக் குழுவைச் சேர்ந்தவரானால், அடுத்த கூட்டத்தில் அவர்களைக் கிண்டல் செய்வதா, அல்லது உங்கள் வீட்டுக் கணினியின் மூடிக்குள் இருப்பதையும் சொல்லிவிடுவதா? அது உங்கள் பாடு.