ஒரே பெட்டியில் வந்த குப்பிகள்

கண்டி கட்டுக்கலையில் முகப்பசை காய்ச்சி விற்றவள் டொரதி. அவ்வாண்டு கொழும்புக் கம்பனி, வெண்கண்ணாடிக் குப்பிகளை ஒரு முழுப் பெட்டிக்குக் குறைவாக அனுப்ப இயலாதென்று அறிவித்துவிட்டது. முழுப் பெட்டி வாங்க அவளிடம் முதல் இல்லை. ஆகவே, கம்பளையில் தோல் படைக்குப் பூசும் களிம்பு செய்யும் மர்சூக்கோடு பாதிப் பங்காகத் தருவித்தாள். இருவருடைய சரக்கும் வெண்மை. குப்பியும் மூடியும் ஒன்றே. நீலத்தாள் ஒட்டியது அவளுடையது. சிவப்புத்தாள் ஒட்டியது, தோலை உரிக்கும் அவனுடைய களிம்பு.

ஆடி மழை ஓயாத ஒரு பிற்பகல், கெலிஓயாவில் தன் பசையை விற்கும் ஹாஷிமின் கடைக்குச் சென்றாள். அலுமாரியில் இரண்டும் ஒரே தட்டில் நின்றன. ஒரு நீலத்தாளின் ஓரத்தில் சோற்றுப் பருக்கை காய்ந்திருந்தது. அவள் ஒட்டுவதோ கோதுமை மாப் பசையால்.

“ஹாஷிம் நானா, இத யாரு ஒட்டினது?”

“நான்தான். ஈரத்துல தாளெல்லாம் கழண்டு உழுந்திட்டு.”

“தொறந்து பாத்தீங்களா?”

“தொறந்த குப்பிய யாரு வாங்குவாங்க? எது எதுன்னு ஞாபகத்துலதான் ஒட்டினேன்.”

டொரதி அதைத் திறந்து விரலால் தொட்டாள். கற்பூர நெடி அடித்தது, மர்சூக்கின் களிம்பு.

“இப்படி ஒட்டினதுல எத்தனை வித்தீங்க?”

“ஒண்டுதான். பஸீஹாட ஊட்டுக்கு. நாளைக்கு அவட மகளுக்குக் கலியாணம்.”

அவள் குடையையும் மறந்து ஓடினாள்.

அந்த வீட்டில் பெண்கள் சூழ மணப்பெண் மஸீனா கதிரையில் அமர்ந்திருந்தாள். தாய் பஸீஹாவின் கையில் குப்பி திறந்திருந்தது.

“வாங்க, உங்கட பசையத்தான் பூசப் போறோம். மாப்பிள்ளை மயங்கி உழுந்தா மருந்துச் செலவு உங்களுக்குத்தான்.”

டொரதி குப்பியை வாங்கி முகர்ந்தாள். கற்பூரம் மணத்தது. ஆனால், அவள் விரலிலும் அதே மணம் இருந்தது. நல்ல பசையைக் கெட்டதென்று சொன்னால் அவள் தொழில் அன்றோடு முடிந்துவிடும். கெட்டதை நல்லதென்று சொன்னால் அந்தப் பெண்ணின் முகம் போய்விடும். மறு கைவிரலால் அள்ளித் தன் கன்னத்தில் பூசிக்கொண்டாள்.

“இவங்களுக்கும் மாப்பிள்ளை பாக்கணும் போல,” என்றாள் ஒருத்தி. பெண்கள் சிரித்தார்கள்.

கன்னம் முதலில் குளிர்ந்தது. பஸீஹா கை நீட்டினாள்.

“கொஞ்சம் பொறுங்க.”

காதோரத்தில் ஊசி முனைபோல ஒன்று குத்தியது. பின்பு கன்னம் முழுவதும் எரிந்தது. டொரதி குப்பியை மூடினாள்.

“என்னோட தாள்தான் ஒட்டியிருக்கு. ஆனா, இத பூசாதீங்க.”

சிரிப்பு நின்றது. மஸீனா தன் கன்னங்களை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

“ஹேவாஹெட்டயில என்ட தங்கச்சியும் இதுதானே வாங்கிற?” என்று பஸீஹா மெதுவாகக் கேட்டாள்.

அங்குள்ள கடைகளிலும் இரண்டு குப்பிகளும் அருகருகேதான் நின்றன. அங்கும் இதே மழைதான் பெய்துகொண்டிருந்தது.