செவலையின் தொடையில் ஒரு A

காத்தான்குடி முனாப் என்றால் தட்டெழுத்து. கந்தோரில் தட்டெழுத்தராய் இருந்த காலமெல்லாம் A-யை அடித்து அடித்தே என் இடக்கைச் சின்னவிரல் பெருவிரலைவிடத் தடித்துப்போனது. ஆகவே குருக்கள்மடத்து அருமைநாயகம், "மச்சான், என்ட A-ல ஒரு வில்லங்கம்" என்று போனில் கோல் எடுத்ததும் சோற்றுக் கையோடே ஓடினேன்.

விதைப்புக் காலத்தில் பயிரை மேயாதிருக்க, அவன் தன் செவலைப் பசுவை வாவிக்கு அக்கரையில் பழுகாமத்து மாட்டுப்பட்டியில் விட்டிருந்தான். இப்போது அது நிறைசினை. கூட்டிவரப் போனால் பட்டிக்காரர் வினாயகமூர்த்தி விடவில்லை. அருமைநாயகம் தன் மாட்டுக்குச் சுடும் குறி A. செவலையின் தொடையிலோ கொம்பு முளைத்த ஏதோ ஒன்று. குறி ஒத்துவராத மாடு பட்டியிலேயே நிற்கும். அங்கே ஈன்றால் கன்றும் அங்கேதான்.

மிதவையில் வாவியைக் கடந்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்த பின்னேரம். எது வானம், எது வாவி என்று தெரியாத ஒரு கொக்கு மேகத்துக்குள் இறங்கி மீன் தேடியது.

செவலை ஓடிவந்து அருமைநாயகத்தின் கையை நக்கியது.

"பாருங்க, என்னை அதுக்குத் தெரியுது. விழுத்திக் கட்டித்தான் சுட்டன். உதைக்குப் பயந்து முதுகுப் பக்கம் நிண்டுட்டன். எழும்பினதும் A தலைகீழாயிட்டு."

"உப்புக்கு அது மரத்தையும் நக்கும்," என்றார் வினாயகமூர்த்தி. "குறி சுடுறவன் எவன் முதுகுப் பக்கம் நிப்பான்?"

நான் தொண்டையைச் செருமினேன். "அண்ணன், A பிறக்கக்குள்ளயே மாட்டுத்தலைதான். கொம்பு ரெண்டும் மேல. பினீசியக் கடலோடிகள் அதைப் பக்கவாட்டில சரிச்சாங்க. கிரேக்கர் திருப்பி நட்டாங்க, கொம்பு காலாயிட்டு. எங்கட அரபு அலிபும் அந்த மாட்டுக்குப் பிறந்ததுதான், கொம்பைக் கழட்டி வெச்சிட்டு நேரா நிக்கிது. மறுகா பாருங்க, பரீட்சையில A, இரத்தத்தில A, கடதாசியில A4..."

பட்டி முழுக்க அசைபோடுவதை நிறுத்திக் கேட்டது. எருமைகள் குறட்டை விட்டன. சூரியன் இறங்க மறந்து நின்றது, சத்தியமாக.

"கதை நல்லாத்தான் இருக்கு முனாப் காக்கா. கதைக்கு மாடு குடுக்கேலா."

அருமைநாயகத்தின் முகம் வாடிப்போயிற்று.

கேட்டுக் கேட்டுச் செவலைக்குத் தாகமெடுத்திருக்க வேண்டும். மெல்ல வாவிக்குள் இறங்கி முழங்காலளவில் நின்று குடித்தது. நிமிர்ந்தது. வளையங்கள் அகன்று அகன்று கரைந்தன. தண்ணீருக்குள் தலைகீழாய் இன்னொரு செவலை. அதன் தொடையில், இரண்டு காலையும் ஊன்றி, நேராக ஒரு A.

நான் தடித்த சின்னவிரலை நீட்டிக் காட்டினேன்.

வினாயகமூர்த்தி மாட்டைப் பார்த்தார்; தண்ணீரைப் பார்த்தார்; மறுபடி மாட்டைப் பார்த்தார்.

"மெய்யாவே முதுகுப் பக்கந்தான் நிண்டிருக்கீரு!" சிரித்துக்கொண்டே கயிற்றை அருமைநாயகத்தின் கையில் வைத்தார். "கண்டு பிறந்தா சொல்லியனுப்பும். குறிய நான் வந்து சுடுறன்."

திரும்பும்போது மிதவை நகர்வதே தெரியவில்லை. செவலை என் காதுக்குள் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. அருமைநாயகம் அதன் தொடையைத் தடவிக்கொண்டே கேட்டான்:

"மச்சான், அந்தக் கிரேக்கரும் உதைக்குப் பயந்தவங்களோ?"